நீண்ட நேரம் கேட்டாலும் காது நோகாத ஹெட்போனை எப்படித் தெரிவுசெய்வது?

விலை கூடிய ஹெட்போன் வாங்கியும் ஒரு மணித்தியாலத்தில் காது நோகிறதா? பெரும்பாலும் அது பிடி இறுக்கத்தின் வேலை. தலைக்கு மேலால் போகும் வளையம் இரண்டு பக்கமும் அழுத்துகிற விசைதான் அது.

அழுத்தம் சின்ன இடத்தில் விழுந்தால் நோகும், பரந்தால் தெரியாது. தயிர்ச்சட்டியைக் கயிற்றில் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால் நடந்து பாருங்கள், விரலை அறுக்கும். அதே சட்டியை இரண்டு கையாலும் ஏந்தினால் அறுக்காது. ஆகவே காதின் மேல் குந்துகிற வகையை விட்டு, காதை முழுக்கச் சுற்றி மூடும் வகையை எடுங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடேயே போட்டுப் பார்க்கவேண்டும்.

எடையும் முக்கியம். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், ஆப்பிள் ஏர்பொட்ஸ் மாக்ஸ் சுமார் 385 கிராம்.

மட்டக்களப்பு வெக்கைக்கு இன்னொன்று: காதுப் பஞ்சின் மேல் தோல் மாதிரியான உறை இருந்தால் வெளியிலிருந்து வரும் சத்தத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் வேர்க்கும். துணி உறை காற்றை விடும், கூடவே மின்விசிறிச் சத்தத்தையும். சித்திரை, வைகாசியில் நான் துணிப்பக்கம்தான்.

பஞ்சு மெத்தென்றிருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இறுக்கம் கூடினால் அந்தப் பஞ்சே அமுங்கி, காது உள்ளே இருக்கும் கடினமான தட்டில் முட்டும்.