ரஸ்ட் நிரல்மொழியில் டாஸ்க் வரிசை நிரம்பி வழிந்தால் என்ன செய்வது?

தோவாளைப் பூச்சந்தைக்கு ஆர்டர் செயலி எழுதுகிறீர்கள். விடியற்காலையில் ஆர்டர் குவியும்போது மெமரி ஏறிக்கொண்டே போகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வைத்திருப்பது, ரஸ்டில் பல வேலைகளைச் சேர்ந்து ஓட்ட உதவும் டோக்கியோ லைப்ரரியின் அன்பவுண்டட் சேனல், அதாவது ஆர்டர்கள் காத்திருக்கும் வரிசை. அதற்கு எல்லையே கிடையாது. தராசு ஒன்றுதான், பிச்சிப்பூ மூட்டையோ வாசல் வரை அடுக்கிக் கிடக்கிறது என்றால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

சேனலை 100 என்ற கொள்ளளவோடு உருவாக்குங்கள். நிரம்பினால், ஆர்டரை வரிசையில் போடும் 'செண்ட்', இடம் கிடைக்கும்வரை அனுப்பும் டாஸ்க்கை (ஓடும் ஒரு வேலையை) மட்டும் காக்க வைக்கும்; டாஸ்க்குகளை ஓட்டும் த்ரெட் முடங்காது, மற்ற டாஸ்க்குகள் ஓடும். காத்திருக்க நேரமில்லையா? 'ட்ரை செண்ட்' உடனே பிழை தரும். 'சற்றுப் பொறுத்து அனுப்புங்கள்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிடலாம்.

அப்புறம், வரிசையிலிருந்து எடுத்த ஒவ்வொரு ஆர்டரையும் அப்படியே ஸ்பான் செய்யாதீர்கள், அதாவது தனி டாஸ்க்காகக் கிளப்பிவிடாதீர்கள். வரிசை காலியாகத் தெரியும், கூட்டம் உள்ளே நகர்ந்திருக்கும். ஒரே சமயத்தில் எத்தனை டாஸ்க் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் செமஃபோரில் பெர்மிட் (அனுமதி) வாங்கிய பிறகே ஸ்பான் செய்யுங்கள்.