பின்களத்திலிருந்து பதில்கள்

சென்ற இதழில் கால்பந்தின் தடுப்பாட்டத்தைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. நான் 1977 முதல் பதினொரு பருவம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சென்டர் பேக்காக, அதாவது கோல்கீப்பருக்கு முன்னே நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரனாக, ஆடியவன். இப்போது சனிக்கிழமை காலைகளில் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மாதப் பக்கம் முழுவதையும் தடுப்பாட்டத்துக்கே கொடுத்துவிடுகிறேன்.

*ஐயா, என் மகனுக்கு 13 வயது. மூன்று வருடமாக முன்களத்தில் ஆடிக் கோல் போட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பருவம் புதிதாக வந்த பயிற்சியாளர் அவனைப் பின்னால் தள்ளிவிட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறான். திறமை போதாது என்பதைச் சொல்லாமல் சொல்கிறார்களா?*
*— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்*

அம்மா, ‘பின்னால் தள்ளிவிட்டார்’ என்ற சொல் மட்டும் பிள்ளையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்களத்தில் இருப்பவன் தவறவிட்டால் அடுத்த பந்து வரும். பின்களத்தில் இருப்பவன் தவறவிட்டால் கோல் விழும். அந்த இடத்தை ஏனோதானோ என்று ஒரு பையனிடம் கொடுக்க எந்தப் பயிற்சியாளருக்கும் துணிவு வராது. உங்கள் மகனிடம் அவர் எதையோ கண்டிருக்கிறார்.

நம் நாட்டுத் தடுப்பாட்டக்காரர் லூகாஸ் ரடேபேயின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். சொவேட்டோவில், பதினொரு பிள்ளைகள் உள்ள வீட்டில், 1969-இல் பிறந்தவர். ஊரில் கலவரம் மிகுந்திருந்ததால் பெற்றோர் அவரைப் பதினைந்து வயதில், நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென ஒதுக்கிய பகுதியான போபுத்தட்ஸ்வானாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் கோல்கீப்பர். கைசர் சீஃப்ஸ் அணியில் சேர்ந்த பிறகு நடுக்களம். அதற்கும் பிறகுதான் தடுப்பாட்டம். 1991-இல் யாரோ சுட்ட குண்டு முதுகில் பாய்ந்து தொடை வழியே வெளியேறியது. பிழைத்து எழுந்தார். 1994-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் அவரை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. போன முதல் பருவத்திலேயே முழங்காலில் பெரிய காயம். அதிலிருந்து மீண்டு, 1996 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டத்தில் டுனீசியாவுக்கு எதிராக நம் பின்களத்தில் நின்றார். இரண்டு கோல் போட்ட மார்க் வில்லியம்ஸை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். டுனீசியா ஒரு கோலும் போடவில்லை என்பதை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

அதே ஆண்டு ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் லீட்ஸ் கோல்கீப்பருக்குச் சிவப்பு அட்டை. மாற்று வரிசையில் வேறு கோல்கீப்பர் இல்லை. ரடேபேதான் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே நின்றார். ராய் கீன் போட்ட ஒரே கோலில்தான் மான்செஸ்டர் யுனைடெட்டால் வெல்ல முடிந்தது. போபுத்தட்ஸ்வானாவில் கற்றது ஒன்றும் வீண்போகவில்லை, பாருங்கள். 1998-இல் லீட்ஸின் கேப்டனானார். 1998, 2002 இரண்டு உலகக் கோப்பைகளிலும் நம் நாட்டுக்கும் அவரே கேப்டன். லீட்ஸில் பதினொரு ஆண்டு ஆடியும் லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடித்ததில்லை. அப்படிப்பட்டவரைத்தான் அந்த ஊர் ‘சீஃப்’ என்று இன்றும் கொண்டாடுகிறது. உங்கள் மகன் மூன்று வருடம் முன்களத்தில் கற்றதும் அப்படித்தான் உதவும். எதிரே வருகிற பையன் அடுத்து என்ன செய்ய நினைக்கிறான் என்பது அவனுக்கு உள்ளிருந்தே தெரியும்.

போன சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புல்லில் இன்னும் பனி காயவில்லை. உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவனை ஒற்றைக்கு ஒற்றையாக நிறுத்தினேன். பந்தோடு எவன் வந்தாலும் சறுக்கிக்கொண்டு காலை நீட்டினான். நான்கு முறை நீட்டினான். நான்கு முறையும் ஏமாந்து புல்லில் கிடந்தான். பக்கத்தில் போய் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துப் பாதி திருப்பி நிறுத்தினேன். நெஞ்சை நேராகக் காட்டி நின்றால் இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கும். பக்கவாட்டில் நின்றால் ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கம் எல்லைக்கோட்டை நோக்கி இருக்க வேண்டும். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். எதிரே வருகிறவனின் காலையோ முகத்தையோ பார்க்கக் கூடாது, அவை பொய் சொல்லும். பந்தை மட்டும் பார். ‘இப்போது காலை நீட்டாதே, அவனோடு நட’ என்றேன். ஐந்தாம் முறை வந்தவனோடு பின்வாங்கி நடந்துகொண்டே போனான். கோட்டருகே வந்தவனுக்குப் போக வழியில்லை; பந்தைச் சற்று நீளமாகத் தட்டிவிட்டான். நம் பையன் ஒரே எட்டில் பந்தின்மேல் காலை வைத்துவிட்டான். யாரும் கைதட்டவில்லை. அவன் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்துக்காகத்தான் நான் இன்னும் காலை ஆறு மணிக்கு எழுகிறேன்.

ஆட்டம் முடிந்து வந்தால் ‘எத்தனை கோல் போட்டாய்?’ என்று இனிக் கேட்காதீர்கள், அம்மா. ‘இன்று என்னென்ன பார்த்தாய்?’ என்று கேளுங்கள். பின்களத்தில் நிற்பவன் கண்முன்தான் மைதானம் முழுவதும் விரிந்து கிடக்கிறது. சொல்ல அவனிடம் நிறைய இருக்கும். ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் அவன் மனம் ஒட்டவில்லையென்றால் பயிற்சியாளரிடம் நீங்களே பேசலாம், அதில் தவறில்லை.

*அண்ணா, நான் ஐந்தரை அடிதான். சென்டர் பேக் ஆக முடியுமா?*
*— பள்ளி மாணவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

தம்பி, நீ இன்னும் வளர்வாய். அப்படியே வளராவிட்டாலும் ஃபாபியோ கன்னவாரோவைத் தேடிப் பார். 1.76 மீட்டர் உயரம். 2006-இல் இத்தாலிக்குக் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதையும் (பாலோன் தோர்) வாங்கினார். எப்போது எகிறுவது என்பதை முதலில் கற்றுக்கொள்.

*தம்பி, கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் நீ ஆடியதைப் பார்த்தவன் நான். அவ்வளவு ஆடியும் நாட்டுச் சட்டையை ஒரு நாள்கூடப் போட முடியவில்லையே என்ற வருத்தம் உனக்கு இல்லையா?*
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், டோங்காட்*

அண்ணா, உங்கள் கேள்விக்குப் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன். இருக்கிறது.

நான் மேகசின் பேரக்ஸில் பிறந்தவன். டர்பன் மாநகராட்சியில் வேலை செய்த நம் மக்களின் குடியிருப்பு அது. பெரும்பாலும் தமிழ் வீடுகள். எனக்கு ஏழு வயதில், இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊரைப் பிரித்த குழு வாழிடச் சட்டம் எங்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து சாட்ஸ்வொர்த்தில் போட்டது. அங்கே நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தது. சரிவில் கீழே நின்று ஆடிப் பழகியதால்தான் உயரப் பந்தைக் கணிக்கக் கற்றேன் என்று அப்பா சொல்வார். நிறவெறியை ஏற்காமல் 1969-இல் தொடங்கிய பெடரேஷன் தொழில்முறை லீக்கில் எனக்கு இடம் கிடைத்தது. தொழில்முறை என்று பெயர்தான். பகலில் தையல் ஆலையில் துணி வெட்டினேன், மாலையில் பயிற்சி, ஆட்டம் முடிந்ததும் கையில் கொஞ்சம் பணம். பஸ்ஸுக்கும் பூட்ஸுக்கும் அது சரியாகப் போய்விடும்.

நான் ஆடத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, 1976-இல், உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியிருந்தது. அந்தத் தடை சரியானது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அசாதாரணச் சமூகத்தில் சாதாரண விளையாட்டு இருக்க முடியாது என்பது எங்கள் முழக்கம். பெடரேஷனில் இந்தியர், கலப்பினத்தார், ஆப்பிரிக்கர் எல்லோரும் ஒரே அணியில் ஆடினோம். அந்தச் சட்டைக்கு மாற்றாக இனவாதிகளின் சட்டையை யார் தந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

1992 ஜூலை 7. நம் ஊரிலேயே, கிங்ஸ் பார்க்கில், கேமரூனோடு ஆட்டம். புதிய நாட்டு அணியின் முதல் ஆட்டம். ரடேபேயும் அன்றுதான் நாட்டுக்கு முதன்முதலாக ஆடினார். டாக்டர் குமாலோ பெனால்டியில் கோல் போட, 1-0. எனக்கு அப்போது வயது 34. முழங்கால் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. என் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்று பார்த்தேன். ஒவ்வொரு கார்னருக்கும் என் இடது கால் தானாக ஓர் அடி முன்னே போனது. பக்கத்தில் நின்றவர் ‘என்ன, காலை மிதிக்கிறீர்களே’ என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஐந்து வருடம் கழித்து வந்ததும் நினைவிருக்கும். 1928-இல் டர்பனில் தொடங்கிய மானிங் ரேஞ்சர்ஸ், சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தில் நம் கண்முன் ஆடிய அணி, கோர்டன் இகெசுண்ட் பயிற்சியில் 1996–97-இல் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் கோப்பையையே தட்டிக்கொண்டு வந்தது. கைசர் சீஃப்ஸையும் ஆர்லாண்டோ பைரட்ஸையும் பின்னே விட்டுவிட்டு! அன்று தெருவில் இறங்கி அழுதவர்களில் நானும் ஒருவன். அந்த அணி பிறகு கைமாறிப் போய்விட்டது. அது எனக்கு நாட்டுச் சட்டை கிடைக்காததைவிடப் பெரிய வருத்தம், அண்ணா. இன்று நம் தெருப் பையன் ‘நான் எங்கே போய்ச் சேருவது?’ என்று கேட்டால், கைகாட்ட அப்படியோர் அணி பக்கத்தில் இல்லை.

*பந்தைத் தலையால் முட்டுவது மூளைக்கு ஆபத்து என்கிறார்களே. தடுப்பாட்டக்காரனுக்கு அதுதானே முக்கிய வேலை?*
*— செவிலியர், பீனிக்ஸ்*

உண்மைதான், தங்கையே. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். 2021-இல் வந்த முடிவின்படி, மறதி நோய் போன்ற மூளைத் தேய்வு நோய்கள் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம். தலையால் முட்டவே தேவையில்லாத கோல்கீப்பர்களிடம் அப்படிப் பெரிய வேறுபாடு இல்லை. அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் காலத்தில் மழையில் நனைந்த தோல் பந்து கல்லாகக் கனக்கும். ஒரு பயிற்சியில் ஐம்பது அறுபது முறை முட்டச் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால் கண் கூசும். அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இங்கிலாந்தில் 2020 முதல் 11 வயதுக்கு உட்பட்டவர்களின் பயிற்சியில் தலையால் முட்டுவது கூடாது என்று வழிகாட்டுதல் இருக்கிறது. என்னிடம் வரும் பிள்ளைகள் 12 வயதுவரை தலையைப் பயன்படுத்துவதில்லை. அதன் பிறகு லேசான பந்தில், வாரத்துக்கு ஒரு நாள், பத்து முறைக்குள். தலை மோதி ஒரு பிள்ளை தள்ளாடினால் அன்று அவன் மீண்டும் ஆட மாட்டான். கோப்பை ஆட்டமாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. அவன் அப்பா என்னோடு சண்டைக்கு வந்தாலும் இல்லை.

*புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் மரக்கறிதான். பையனுக்குப் பலம் குறையுமா?*
*— வாசகி, ஐசிப்பிங்கோ*

குறையாது. நான் ஆடிய காலம் முழுவதும் புரட்டாசி விரதம் பிடித்தேன். பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, வேர்க்கடலை, மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு, தயிர் எல்லாம் தாராளமாக இருக்கட்டும். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

*என் மகனை ஐரோப்பிய கிளப் ஒன்றின் தேர்வுக்கு அழைத்துப் போவதாக ஒரு முகவர் சொல்கிறார். முன்பணம் கேட்கிறார். மகனுக்கு 16 வயது. கொடுக்கலாமா?*
*— ஒரு தந்தை, வெருலம்*

கொடுக்காதீர்கள். இன்றே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

என்னிடம் பயின்ற பையன் ஒருவனுக்கு இதே நடந்தது. நல்ல இடது பேக். அவன் அம்மா வளையல்களை அடகு வைத்துப் பணம் கட்டினாள். அங்கே போய் மூன்று வாரம் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தான். எந்த கிளப்பும் அவனைப் பார்க்க வரவில்லை. திரும்பி வந்தவன் பூட்ஸைத் தொடவே இல்லை. வளையலும் மீளவில்லை.

ஃபிஃபா விதிப்படி, சில விலக்குகள் தவிர, 18 வயதுக்கு உட்பட்டவனை வேறு நாட்டு கிளப்புக்கு மாற்றவே முடியாது. முகவருக்கு ஃபிஃபா உரிமமும் இருக்க வேண்டும்; அதைக் காட்டச் சொல்லுங்கள். பையனின் ஆட்டப் பதிவை ஆண்டுவாரியாகப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் அவன் நல்ல விலைக்குப் போனால், 12 வயது முதல் அவனைப் பயிற்றுவித்த சிறு கிளப்புக்கும் அதில் பங்கு உண்டு. அதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. பள்ளியிறுதித் தேர்வான மெட்ரிக் முடியட்டும். தடுப்பாட்டக்காரனுக்கு அவசரம் வேண்டாம். பாவோலோ மால்டினி ஏசி மிலானில் 902 ஆட்டம் ஆடி 2009-இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு 40 வயது.

*மாமா, எனக்கு 14 வயது. பின்களத்தில் ஆட ஆசை. எங்கள் பள்ளியில் பெண்கள் அணி இல்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு என்கிறார் ஆயா. என்ன செய்வது?*
*— மாணவி, சாட்ஸ்வொர்த்*

பாப்பா, ஜனீன் வான் வைக் என்ற பெயரை ஆயாவிடம் சொல். சென்டர் பேக். நம் நாட்டுக்காக 180-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். இந்த நாட்டில் ஆணோ பெண்ணோ வேறு யாரும் அத்தனை ஆடியதில்லை. 2022-இல் மொராக்கோவை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று நம் பெண்கள் அணியான பன்யானா பன்யானா பெண்களுக்கான ஆப்பிரிக்கக் கோப்பையைக் கொண்டுவந்ததையும் சொல்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மைதானத்துக்கு வா. என்னிடம் ஏற்கெனவே ஆறு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இடது பக்கம் ஆள் இல்லை. பூட்ஸ் இல்லையென்றால் உன் கால் அளவை எழுதி அனுப்பு, பெட்டியில் தேடி வைக்கிறேன். ஆயாவையும் கூட்டிக்கொண்டு வா. அவருக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.