2,000 ரூபாய் இயர்பட்ஸ்: கடற்கரை ஊரில் எதைப் பார்த்து வாங்குவது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. நாள்தோறும் பேருந்தில் போய்வருகிறார். இரவில் ஒன்றரை மணி நேரம் இணைய வகுப்பு இருக்கிறது. சென்ற ஆண்டு 1,300 ரூபாய்க்கு வாங்கிய இயர்பட்ஸில் ஒன்பதாவது மாதம் இடது பக்கத்துக்குச் சார்ஜ் ஏறாமல் போயிற்று. "கடைக்காரர் 13 எம்.எம். டிரைவர் என்கிறார், தம்பி 50 டெசிபல் ஏ.என்.சி. என்கிறான், பெட்டியில் 60 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. 2,000 ரூபாய்க்குள், மிஞ்சிப்போனால் 2,500 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலை நடைக்குப் போகும் அப்பாவுக்கும் அதையே வாங்கித் தரலாமா?" என்பது அவருடைய கேள்வி.

புதியதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்தப் பழைய பட்ஸை ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சார்ஜ் ஏற்றும் கேஸைத் திறந்து, இடது பட்ஸ் உட்காரும் குழிக்குள் கைப்பேசியின் டார்ச்சை அடித்தால், அடியில் குண்டூசி முனை அளவில் இரண்டு பொன்னிறப் பின்கள் தெரியும். அவை ஸ்பிரிங் வைத்தவை. பல்குத்தும் குச்சியால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி எழ வேண்டும். ஒன்று எழாமல் சிக்கிக்கொண்டிருந்தாலோ, அதன் தலையில் பச்சையாகவோ கறுப்பாகவோ ஏதாவது படிந்திருந்தாலோ நோய் அங்கேதான் இருக்கிறது. பட்ஸின் அடிப்பக்கத்தில் அந்தப் பின்கள் தொடும் இரண்டு பொட்டுகளையும் பாருங்கள்; பெரும்பாலும் அங்கே வியர்வையும் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் சேர்ந்து மெழுகு போல் ஒட்டியிருக்கும். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு, பொட்டுகளையும் பின்களையும் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுக் கேஸில் வைத்துப் பாருங்கள். கையில் தடவும் சானிட்டைசர் வேண்டாம்; அவற்றில் பலவற்றில் கிளிசரின் இருப்பதால் துடைத்த பிறகும் பிசுக்கு நிற்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் விளக்கு எரியவில்லை என்றால் உள்ளே இருக்கும் பேட்டரி போய்விட்டது என்று கொள்ளலாம். ஓடு ஒட்டப்பட்டிருப்பதால் அதைத் திறந்து மாற்றுவது இந்த விலையில் கட்டுப்படியாகாது.

இந்தக் கோளாறைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பின்கள் பொன்னிறமாகத் தெரிந்தாலும் பொன் மேல்பூச்சு மட்டுமே; அடியில் இருப்பது பெரும்பாலும் செப்புக் கலப்பு உலோகம். பூச்சு தேய்ந்த இடத்தில் உப்பு புகுந்தால் உலோகம் அரிக்கும். பச்சை நிறம் செம்பு அரித்ததன் அடையாளம். கடலோரக் காற்றில் உப்பு எப்போதும் கலந்திருக்கிறது, வியர்வையிலும் உப்பு இருக்கிறது. ஈரமான பட்ஸைக் காதிலிருந்து எடுத்த கையோடு கேஸில் வைத்து மூடினால், அந்த உப்பு நீர்ப் படலத்தின் வழியே சார்ஜ் மின்சாரமும் பாய்வதால், அரிப்பு வெறும் காற்றில் நடப்பதைவிட வேகமாக நடந்துவிடும். எனவே இனி எதை வாங்கினாலும், கேஸில் வைப்பதற்கு முன் பட்ஸைப் புடவைத் தலைப்பிலோ கைக்குட்டையிலோ ஒருமுறை துடைத்துவிட்டு வைக்கும் பழக்கம், ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதைவிடப் பயன் தரும்.

பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4, ஐ.பி.55 என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். முதல் எண் தூசுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. எக்ஸ் என்றால் அந்தச் சோதனைக்கான தரம் குறிப்பிடப்படவில்லை என்று பொருள். 4 என்பது எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் தரம். 5 என்பது 6.3 மி.மீ. துளையுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கும் தரம். இரண்டு சோதனைகளும் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. உப்பு நீருக்கும் வியர்வைக்கும் அந்த எண் உறுதி கொடுப்பதில்லை. அதைவிட முக்கியமாக, அந்தத் தரம் பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டுமே உரியது, கேஸுக்கு அல்ல. ஐப்பசி மழையில் கைப்பைக்குள் தண்ணீர் புகுந்து கேஸ் நனைந்தால் உத்தரவாதம் கைகொடுக்காது. நானே ஒருமுறை அப்படி நனைந்த கேஸைச் சேவை மையத்துக்குக் கொண்டுபோய், 'நீர் புகுந்தது, உத்தரவாதம் செல்லாது' என்ற ஒற்றை வரிச் சீட்டோடு திரும்பியிருக்கிறேன். ஐ.பி.55 என்று முழுதாகப் போட்டவர்களை ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டவர்களைவிட ஒரு படி மேலாகக் கருதலாம், அவ்வளவுதான்.

அடுத்து ஏ.என்.சி. இங்கே ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும், ஏனென்றால் குறைந்த விலைப் பெட்டிகள் பலவும் இந்தக் குழப்பத்தை நம்பியே விற்கின்றன. ஏ.என்.சி. என்பது உங்கள் காதுக்குள் வரும் வெளிச் சத்தத்தைக் குறைப்பது. ஈ.என்.சி. என்பது நீங்கள் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்குப் போகும் சத்தத்தைக் குறைப்பது. ஈ.என்.சி. மட்டும் உள்ள பட்ஸை 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று கடையில் எடுத்துக் கொடுத்தால், பேருந்தில் உங்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பெயர்களும் சிக்கலானவை: போட் ஏர்டோப்ஸ் 141 என்பது ஒன்று, ஏர்டோப்ஸ் 141 ஏ.என்.சி. என்பது வேறொன்று; முன்னதில் ஏ.என்.சி. இல்லை.

மெய்யான ஏ.என்.சி. என்ன செய்யும்? பட்ஸின் வெளிப்புற மைக் வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்பி இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துவிடுகிறது. ஒரே சீராக நீளும் தாழ்ந்த ஒலிகளில்தான் இது நன்றாக நடக்கும். மஞ்சக்குப்பத்திலிருந்து ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போகும் உங்கள் பேருந்தில் இன்ஜினின் அடித்தொண்டை உறுமல் அத்தகைய ஒலி. அது கணிசமாகக் குறையும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சும் நடத்துநரின் விசிலும் குறைவாகத்தான் அடங்கும். முள்ளோடையில் பின்னால் வரும் லாரி ஏர்ஹாரன் அடித்தால் எந்த ஏ.என்.சி.யும் உங்களைக் காப்பாற்றாது. பெட்டியில் போடும் 50 டெசிபல் என்பது அந்தக் கருவி மிக நன்றாகச் செயல்படும் குறுகிய ஒலி எல்லையில் கிடைத்த உச்ச அளவு. பேருந்து முழுவதும் அந்த அளவுக்கு அமைதியாகிவிடும் என்று பொருளல்ல.

ஆனாலும் உங்களைப் போல் நாள்தோறும் இரண்டு வேளை பேருந்தில் இருப்பவருக்கு ஏ.என்.சி. வீண் செலவு அல்ல என்பது என் கருத்து. இன்ஜின் சத்தத்தை மிஞ்சுவதற்காக நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்கள் 80 டெசிபலுக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. உறுமல் குறைந்தால் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் குறையும்.

டிரைவர் என்பது பட்ஸுக்குள் ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்; அதன் மி.மீ. கணக்கை மறந்துவிடுங்கள். கீழே நான் குறிப்பிடப்போகும் மூன்று மாடல்களிலும் டிரைவர் ஒரே 12.4 மி.மீ. தான். 60 மணி நேரம் என்பது கேஸிலுள்ள சார்ஜையும் சேர்த்து, பாதி ஒலியில், ஏ.என்.சி.யை அணைத்துவைத்துப் போட்ட கணக்கு. ஒரு தடவை காதில் வைத்தால் எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் பாருங்கள், ஏ.என்.சி.யோடு ஐந்து மணி நேரம் வந்தால் உங்களுக்குப் போதும். புளூடூத் 5.3-ஆ 5.4-ஆ என்பதிலும் உங்கள் பயன்பாட்டுக்கு வேறுபாடு இல்லை.

ஒலியின் தரத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு காதுக்குள் நுழையும் சிலிக்கான் ரப்பருக்கு உண்டு. அது காதுத் துளையை முழுதாக அடைக்கவில்லை என்றால் பாட்டின் அடி ஒலி வெளியே கசிந்துவிடும், ஏ.என்.சி.யும் வேலை செய்யாது. பெட்டியில் வரும் சிறிய, பெரிய ரப்பர்களை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை. மிருதங்கமோ தவிலோ வரும் ஒரு பாட்டைப் போட்டு, பட்ஸை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் அடி ஒலி கூடினால் அந்த ரப்பர் சிறியது.

இணைய வகுப்பு விஷயத்தில் பலரும் பட்ஸைக் குறை சொல்வார்கள். குறை பட்ஸில் இல்லை. பாட்டுக் கேட்கும்போது புளூடூத் ஒரு முறையிலும், மைக் திறந்தவுடன் அழைப்புக்கான வேறொரு முறையிலும் இயங்குகிறது. அந்த இரண்டாவது முறையில் ஒலி பழைய தொலைபேசி போல் குறுகிவிடும். மடிக்கணினியில் வகுப்புக் கேட்பவரானால், செயலியின் அமைப்பில் மைக்காகக் கணினியின் சொந்த மைக்கையும், ஒலிக்கு மட்டும் பட்ஸையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் குரல் தெளிவாக வரும், நீங்கள் பேசுவதும் அவருக்கு நன்றாகக் கேட்கும்.

இனி எதை வாங்குவது. ரியல்மி பட்ஸ் டி300, 2023-இல் 2,299 ரூபாய்க்கு அறிமுகமானது. 30 டெசிபல் ஏ.என்.சி., ஐ.பி.55. சி.எம்.எஃப். பட்ஸ், 2024-இல் 2,499 ரூபாய்; 42 டெசிபல், ஐ.பி.54. ஒன்பிளஸ் நோர்ட் பட்ஸ் 2ஆர், 2023-இல் 2,199 ரூபாய், ஏ.என்.சி. இல்லை, ஐ.பி.55. இவை அறிமுக விலைகள். இதே வரிசையில் புதிய மாடல்கள் வந்தவண்ணம் இருக்கும், பழையவை விலை இறங்கும். 42 பெரியதா 30 பெரியதா என்று பார்க்காமல், முதல் இரண்டில் எது உங்கள் காதில் நன்றாக அடைகிறதோ அதை எடுங்கள். 2,000-க்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்றால், ஏ.என்.சி. என்ற பெயரைத் துரத்திக்கொண்டு 1,200 ரூபாய்ப் பட்ஸிடம் போவதைவிட, மூன்றாவதைப் போன்ற ஏ.என்.சி. இல்லாத நல்ல பட்ஸை, விலை இறங்கும் நாள் பார்த்து வாங்குவதே மேல். அந்த விலையில் வரும் ஏ.என்.சி. பலவற்றில், அதைப் போட்டால் தெரியும் ஒரே மாற்றம் காதில் கேட்கும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான்.

புதுச்சேரி நேரு வீதியிலோ திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ கடையில் வாங்கினால், பெட்டியின் அடியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள்; பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். இணையத்தில் வாங்குவதானால், காதில் வைக்கும் பொருள் என்பதால் பல இடங்களில் மாற்றித் தருவார்களே தவிர, பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். வாங்கும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள். பொருள் வந்த முதல் வாரத்திலேயே பேருந்து நிலையத்தில் நின்று வீட்டுக்கு ஒரு அழைப்புப் போட்டு, உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்து சோதிக்க வேண்டாம். அது பல கைப்பேசிகளில் பட்ஸின் மைக்கை எடுக்காமல் கைப்பேசியின் மைக்கையே எடுத்துக்கொள்ளும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வேகத்தில் சார்ஜ் இறங்குகிறதா என்பதையும் அந்த வாரத்திலேயே கவனியுங்கள். கடையோ நிறுவனமோ தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்பாவுக்கு இதே பட்ஸ் வேண்டாம். தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையில் ஈர மணலில் ஒரு பட்ஸ் விழுந்தால் தேடி எடுப்பது கடினம். எடுத்தாலும் அதன் வலைக்குள் மணலும் உப்பும் போயிருக்கும். தொட்டால் பாட்டு மாறும் வகைப் பட்ஸ் வியர்வைத் துளி பட்டும் மாறும், அது அவருக்கு எரிச்சலூட்டும். 1,000 ரூபாய்க்குள் ஒரு நெக்பேண்டு வாங்கித் தாருங்கள்: கழுத்தில் தொங்குவதால் தொலையாது, பேட்டரி பெரியது, அழுத்தினால் 'டக்'கென்று தெரியும் பொத்தான் இருக்கும், சார்ஜ் ஏற்ற, பின்களும் பொட்டுகளும் இல்லாமல் நேரே சி-டைப் வயரைச் செருகலாம். கடற்கரைக்குப் போகும் சாலையில் வண்டிகளும் வருவதால், மணலை அடையும் வரை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.