டிரையருக்கு வயரிங்: வாசகர் கேள்விகளும் எலக்ட்ரீஷியன்களின் பதில்களும்

மழைக்காலத்தில் துணி காயவில்லை என்று டிரையர் வாங்கியிருக்கிறோம். கீசருக்கு 16 ஆம்பியர் பாயின்ட் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்தே இன்னொரு பாயின்ட் இழுத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, தாம்பரம்

செய்யாதீர்கள். டிரையருக்கு டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் எல்லா லைன்களும் பிரியும் பெட்டி) தனி லைன் வர வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மிஷின் பின்னாலோ கதவின் உள்விளிம்பிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் அளவு இருக்கும். 2,400 வாட் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் 10.4 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால் 19 ஆம்பியர் தாண்டுகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 18 ஆம்பியர் வரைக்கும் அது ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 23 ஆம்பியருக்கு ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் அதற்கான தரவிதி. உங்கள் 19 ஆம்பியர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. விழலாம், விழாமலும் போகலாம். எம்.சி.பி. விழவில்லை என்பதால் லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

மிக்ஸி சில நிமிடம் ஓடி நிற்கும். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானாக கட் ஆகும். டிரையரோ ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி முழு கரன்ட் இழுக்கும். அத்தனை நேரமும் லைனில் உள்ள ஒவ்வொரு திருகும் அந்தக் கரன்ட்டைத் தாங்க வேண்டும். ஒரு திருகு லூஸாகி அங்கே 0.2 ஓம் தடை வந்தால் போதும், அந்த ஒரே இடத்தில் 20 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னுக்கு 25 வாட் போதும். சாக்கெட் கருகுவதும் பிளக் பின் பழுப்பாவதும் இப்படித்தான். லூஸ் ஜாயின்ட்டால் கரன்ட் கூடுவதில்லை என்பதால் எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது.

எனவே ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். 2.5-ம் இந்தக் கரன்ட்டைத் தாங்கும். ஆனால் மொட்டைமாடி வெயிலில் சூடாகும் பைப்புக்குள் பல ஒயர்கள் நெருக்கமாகப் போகும்போது 4 இருந்தால் கவலை இல்லை. 20 மீட்டர் தூரத்துக்கு 4-ல் வோல்டேஜ் இழப்பு 2 வோல்ட் சொச்சம்தான். லைட் பாயின்ட்டின் 1.5 ஒயரில் அதுவே 6 வோல்ட், அத்தனையும் சுவருக்குள் சூடாகப் போகும். டிபியிலிருந்து சாக்கெட் வரை நடுவில் ஜாயின்ட்டே கூடாது. எம்.சி.பி. 16 ஆம்பியர், சி வகை (மோட்டார் கிளம்பும்போது கணநேரம் கூடும் கரன்ட்டுக்கு விழாதது). ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் கிடைத்தால் நல்லது. அதோடு, கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும்.

சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். சாக்கெட்டை மிஷினுக்குப் பின்னால் வைக்காதீர்கள், அவசரத்துக்குக் கை எட்டாது. குழாய்க்கு நேர் மேலேயும் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் எதையும் நடுவில் சேர்க்காதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒரு முழு லோடு போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால் சாக்கெட்டின் உள்பிடி தளர்வு அல்லது பின்னால் திருகு லூஸ். சரிசெய்யும்வரை டிரையரை ஓட்டாதீர்கள்.

பழைய வீடு. சாக்கெட் வரை எர்த் ஒயர் வரவில்லை. சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் போதும் என்றார் வேலைக்கு வந்தவர்.
– வாசகர், கும்பகோணம்

உயிர் போகக்கூடிய வேலை இது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அந்த லைனின் நியூட்ரல் எங்கேயாவது அறுந்தாலோ கழன்றாலோ, ஹீட்டர் வழியாக வரும் ஃபேஸ் அந்தத் துண்டு ஒயரில் ஏறி மிஷினின் உலோக உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஆக்கிவிடும். மிஷின் பழுதாகவே தேவையில்லை. சுவிட்ச் போட்டாலே போதும். ஈரத்துணியோடு, ஈரத்தரையில் நின்றுகொண்டு தொடும் மிஷின் அது.

சரியான வழி, எர்த் எலக்ட்ரோடு (மண்ணோடு தொடர்பு தரும் உலோகக் குழாய் அல்லது தகடு) புதைத்து அங்கிருந்து டிபி வரை, டிபியிலிருந்து சாக்கெட் வரை தனி பச்சை ஒயர் கொண்டுவருவது. புதைத்த பிறகு எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

எர்த் நன்றாக இருந்தாலே போதுமா என்றால், போதாது. எர்த்தின் தடை 5 ஓம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் மிஷினின் உலோக உடம்பில் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து, அதிகபட்சம் 46 ஆம்பியர் மண்ணுக்குள் ஓடும். சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் விழ உத்தரவாதமாக 160 ஆம்பியர் வேண்டும். 46-க்கு அது பல நொடிகள் எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரம் முழுக்க மிஷினின் உடம்பில் ஆபத்தான வோல்டேஜ் இருக்கும். ஆர்.சி.சி.பி.க்கோ 0.03 ஆம்பியர் கசிவே போதும், 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். எர்த் இருந்தால் ஆள் தொடும் முன்பே விழும். இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் விழும். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறோம்.

ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

டிரையர் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்தால் நன்றாக ஓடுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

முதலில் அதைத் திரும்ப மாட்டுங்கள். மிஷின் ஓடுகிறது என்பதால் கசிவு நின்றுவிடவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே லைனில் வேறொரு பொருளை, உதாரணத்துக்கு அயர்ன் பாக்ஸை, ஓட்டிப் பாருங்கள். அதற்கும் விழுந்தால் தவறு வயரிங்கில். பெரும்பாலும் ஆர்.சி.சி.பி. வழியாகப் போன ஃபேஸுக்கு வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை எடுத்திருப்பார்கள். போன கரன்ட் அதே வழியில் திரும்பாததால் அது கசிவு என்று நினைத்து விழுகிறது. டிரையருக்கு மட்டும் விழுந்தால் ஹீட்டரில் ஈரம் இறங்கியிருக்கலாம், அல்லது அதன் காப்பு (இன்சுலேஷன்) கெட்டிருக்கலாம். காப்பின் தடையை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கர் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். காப்பு 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் சர்வீஸுக்கு விடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்புகிறோம். அங்கே வாங்கிய டிரையர் 240 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறது. நம் ஊரில் பிளக் மாற்றினால் ஓடுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

ஓடாது. கொண்டுவர வேண்டாம்.

அங்கே டிரையர் பிளக்கில் நான்கு பின்கள். நியூட்ரலிலிருந்து 120 வோல்ட் தள்ளி நிற்கும் இரண்டு லைன்கள், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். இரண்டு லைனுக்கும் நடுவே 240 வோல்ட். ஹீட்டர் மட்டும்தான் அந்த 240-ல் ஓடுகிறது. டிரம்மைச் சுற்றும் மோட்டாரும் கன்ட்ரோலும் பெரும்பாலான மாடல்களில் ஒரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, 120 வோல்ட்டில் ஓடும். நம் 230 வோல்ட் ஒரே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வருவது. அதைக் கொடுத்தால் மோட்டார் எரியும். அதோடு அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50.

"இரண்டு லைன்தானே, த்ரீ ஃபேஸில் இரண்டு ஃபேஸ் கொடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரை டிபி பக்கமே விடாதீர்கள். நம் இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். 5,400 வாட் ஹீட்டர் அதில் சுமார் 15,000 வாட் இழுக்கப் பார்க்கும். தீப்பிடிக்கும் வேலை. அங்கேயே விற்றுவிடுங்கள்.

த்ரீ ஃபேஸ் வீடு. ஒரு ஃபேஸ் போனால் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வோம். டிரையர் ஓடும்போது அப்படிச் செய்யலாமா?
– வாசகர், திருச்சி

டிரையரையும் கீசரையும் ஏசியையும் அணைத்துவிட்டுத் திருப்புங்கள். மூன்று ஃபேஸில் பிரிந்திருந்த லோடு ஒன்றின் தலையில் விழுந்தால் அந்த சேஞ்ச் ஓவரின் காண்டாக்ட்தான் முதலில் உருகும். டிரையர் லைன் சேர்க்கும்போதே, வீட்டுக்கு வாங்கியிருக்கும் மின்பளு போதுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் பார்த்துக்கொள்வதும் நல்லது.

வயரிங் எல்லாம் சரி. வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, மதுரை

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் காற்றோட்டம் குறைந்து உள்சூடு ஏறும், கடைசியில் தெர்மல் ஃபியூஸ் போகும். அந்த ஃபியூஸை ஷார்ட் செய்து மிஷினை ஓட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சூடு எல்லை மீறினால் நிறுத்துவதற்கு இருப்பதே அது. வெளியே காற்று விடும் வகை என்றால் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், 4 அங்குல அலுமினியக் குழாயைக் குட்டையாகவும் வளைவு குறைவாகவும் போடுங்கள்.

எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தலை துவட்டிய துண்டை டிரையரில் போடாதீர்கள், துவைத்திருந்தாலும் எண்ணெய் வாடை இருந்தால் வேண்டாம். துணியில் ஊறிய எண்ணெய் சூட்டில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலும் சூடு உண்டாக்கும். மடித்துக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றலாம். அதே காரணத்துக்காக, கடைசியில் குளிர்காற்று ஓடும் நேரத்தில் மிஷினைப் பாதியில் நிறுத்தித் துணியை உள்ளேயே விட்டு வைக்காதீர்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் உடனே எடுத்து உதறி, கொடியில் விரித்துப் போடுங்கள்.