கர்னல், கெர்னல், கொஞ்சம் டவுட்டு

போன இதழ்ல இங்கிலீஷ் பத்தியும் கம்ப்யூட்டர் பத்தியும் என்ன வேணா கேளுங்கன்னு வாய விட்டேன், ஒரு மூட்டை கேள்வி வந்துருச்சு. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். ஹோம்வொர்க் கேள்வி அனுப்பின ரெண்டு பேருக்கு மட்டும் பதில் கிடையாது, நீங்களே எழுதுங்கப்பா.

கேள்வி: அண்ணே, புதுசா ஒரு ஐடி கம்பெனில சேர்ந்திருக்கேன். மீட்டிங்ல ஒரு வெள்ளைக்கார அம்மா அவங்க டிசைன விளக்கிட்டு இருந்தாங்க, நான் மரியாதையா கைய தூக்கி 'ஐ ஹேவ் எ டவுட்'னு சொன்னேன். அவங்க மூஞ்சி சுருங்கிப்போச்சு. என்ன தப்பா சொல்லிட்டேன்? – ஒரு தங்கச்சி, கோவை

பதில்: உன் மேல தப்பு இல்லம்மா, தமிழ்ல சந்தேகம்ங்கிற வார்த்தை ரெண்டு வேலை பாக்குது. 'சார் ஒரு சந்தேகம்'னா கேள்வி, 'அவன் மேல எனக்கு சந்தேகம்'னா போலீஸ் கேஸ். நாம அந்த ரெண்டையும் சேத்து மூட்டை கட்டி டவுட் தலையில ஏத்திட்டோம், ஆனா அவங்க ஊர்ல டவுட்னா ரெண்டாவது மட்டும்தான், அதாவது அந்த அம்மா அரை மணி நேரம் தொண்டை வத்த பேசினதுக்கு அப்புறம் நீ எழுந்து 'எனக்கு இதுல நம்பிக்கை இல்ல'ன்னு சொன்ன மாதிரி ஆயிருச்சு. அடுத்த தடவை 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'னு சொல்லு, போதும்.

டவுட்டுன்னதும் இன்னொன்னு. அந்த வார்த்தைக்கு நடுவுல சத்தமே போடாம ஒரு பி உக்காந்திருக்கு பாத்தியா? பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு வந்தப்போ அது கிடையாது, பேசுற மாதிரியே பி இல்லாமதான் எழுதிட்டு இருந்தாங்க, அப்புறம் லத்தீன் படிச்ச பண்டிதருங்க 'ஏம்ப்பா இதோட பூர்வீகம் டுபிடாரே ஆச்சே, அதுல பி இருக்கே'ன்னு கொண்டு வந்து சொருகிட்டாங்க. கடனுக்கு எழுதுற டெட்ல இருக்குற பியும் அதே கதைதான். இதாவது பரவால்ல, சொந்தக்காரன் அடையாளம்னு விட்டுறலாம். ஐலேண்ட்ல இருக்குற எஸ் இருக்கே, அது சுத்தமா தப்பு, அந்த வார்த்தை பழைய இங்கிலீஷோடது, லத்தீன் இன்சுலாவுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஐல்னு பக்கத்து வீட்டு வார்த்தை ஒன்னு எஸ்ஸோட இருக்குறத பாத்து இதுக்கும் ஒன்னு மாட்டி விட்டுட்டாங்க.

கேள்வி: தம்பி, இத்தனை அறிவாளிகள் இருக்கிறார்களே, உட்கார்ந்து ஒரே நாளில் அந்த எழுத்துகளையெல்லாம் திருத்திவிட வேண்டியதுதானே? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, நம்மூர்ல 1978ல அரசாங்கம் ஒரு ஆணை போட்டுச்சு, லை ணை எல்லாம் தும்பிக்கைய மடிச்சு வச்சுட்டு இப்ப இருக்குற வடிவத்துக்கு வந்துச்சு, நீங்க எத்தனை பசங்களுக்கு பழசையும் புதுசையும் மாத்தி மாத்தி சொல்லி குடுத்திருப்பீங்களோ. இங்கிலீஷுக்கு அப்படி ஆணை போட ஆளே கிடையாது. பிரெஞ்சுக்காரனுக்கு 1635லயே ஒரு அகாடமி இருக்கு, இங்கிலீஷுக்கு இன்னிக்கு வரைக்கும் இல்ல. அமெரிக்கால நோவா வெப்ஸ்டர்னு ஒருத்தர் தனி ஆளா கிளம்பினாரு, 1828ல பெரிய டிக்‌ஷனரி போட்டாரு, கலர்ல இருக்குற யூவ தூக்கினது ஊர்ல நின்னுச்சு, ஆனா நாக்குக்கு டங்னு டி-யு-என்-ஜி போடலாம்னாரு, அத எவனும் சீந்தல.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, எல்லாத்தையும் டக் டக்குனு அழிச்சு எழுதலாம்னு நாம நெனைக்கிற கம்ப்யூட்டர்லயும் இதே சீக்குதான். யூனிக்ஸ்ங்கிற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துல புது ஃபைல் உண்டாக்குற கட்டளை கிரியேட், அதுல கடைசி 'இ' இல்லாமதான் இன்னிக்கும் இருக்கு. யூனிக்ஸ மறுபடி முதல்ல இருந்து எழுதினா என்ன மாத்துவீங்கன்னு அத எழுதின கென் தாம்சன் கிட்ட கேட்டதுக்கு, அந்த 'இ'ய சேத்துருவேன்னு சொன்னாரு. ஆனா இருக்குறதுல சேக்க முடியுமா? உலகம் பூரா எத்தனை புரோகிராம் அந்த தப்பான ஸ்பெல்லிங்க நம்பி ஓடிட்டு இருக்கு, ஒரு எழுத்த தொட்டா எல்லாம் படுத்துரும்.

அத விட பெரிய கூத்து, நீங்க ஒரு லிங்க்க கிளிக் பண்ணி ஒரு பக்கத்துக்கு போறப்போ எந்த பக்கத்துல இருந்து வரீங்கன்னு பிரவுசர் பெரும்பாலும் ஒரு துண்டு சீட்டு குடுத்து விடும், அதுக்கு பேரு ரெஃபரர். டிக்‌ஷனரி படி நடுவுல ரெண்டு ஆர் வரணும், எழுதினவங்க ஒத்த ஆர் போட்டுட்டாங்க, 1996ல வந்த ஹெச்டிடிபிங்கிற வெப் விதிமுறை ஆவணத்துலயே அப்படி அச்சாயிருச்சு, அதுக்கப்புறம் உலகத்துல இருக்குற பிரவுசரும் சர்வரும் தப்பாதான் எழுதுது. பல வருஷம் கழிச்சு அந்த சீட்டுல எவ்ளோ சொல்லலாம்னு ஒரு விதிமுறை கொண்டு வந்தாங்க, அதுல மட்டும் உஷாரா ரெண்டு ஆர் போட்டுட்டாங்க, ஆக இப்ப ஒரே வேலைக்கு ஒரு இடத்துல ஒத்த ஆர், இன்னொரு இடத்துல ரெட்டை ஆர், புதுசா படிக்கிற பையன் தலைய பிச்சுக்கிறான். டெட்ல பிய சொருகின பண்டிதரும் இவங்களும் வேற வேற ஆளுன்னு எனக்கு தோணவே இல்ல ஐயா. தப்போ சரியோ, நாலு பேர் அது மேல செவுரு எழுப்பிட்டா அப்புறம் அதுதான் அஸ்திவாரம்.

கேள்வி: மிலிட்டரில கர்னல், லினக்ஸ்ல கெர்னல், ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது, சொந்தமா? – காலேஜ் பையன், வேலூர்

பதில்: இல்லப்பா. ராணுவ கர்னல் இத்தாலில இருந்து வந்தவரு, ஒரு வரிசை படைக்கு தலைவர்னு அர்த்தம், அங்க அவருக்கு எல் உண்டு, பிரெஞ்சுக்காரன் வாயில அது ஆர் ஆச்சு, இங்கிலீஷ்காரன் சத்தத்த இவன் கிட்ட இருந்தும் ஸ்பெல்லிங்க அவன் கிட்ட இருந்தும் எடுத்துக்கிட்டான். லினக்ஸ்ங்கிறது கம்ப்யூட்டர ஓட்டுற ஆபரேட்டிங் சிஸ்டம், அதோட கெர்னல் மாங்கொட்டைக்குள்ள இருக்குற பருப்பு மாதிரி. ஓட்ட யாரு வேணா விதவிதமா செய்யலாம், உபுண்டு, ஃபெடோரான்னு, உள்ள பருப்பு ஒன்னுதான்.

கேள்வி: லினக்ஸா, லைனக்ஸா, லீனுக்ஸா? – பேர் போடாதவர்

பதில்: எழுதின லீனஸ் டோர்வால்ட்ஸ் வீட்ல ஸ்வீடிஷ் பேசி வளந்த ஃபின்லாந்துக்காரர், அவர் வாயில லீனுக்ஸ் மாதிரி வரும். நீங்க லினக்ஸ்னே சொல்லுங்க. ஜிஃப் படத்த கண்டுபிடிச்ச ஸ்டீவ் வில்ஹைட் 'அது ஜிஃப், கிஃப் இல்ல'ன்னு 2013ல அவார்டு மேடைல ஸ்லைடு போட்டே காட்டினாரு, பாதி உலகம் இன்னும் கிஃப்னுதான் சொல்லுது.

கேள்வி: சார், ஃப்ரீ சாஃப்ட்வேர்னா ஓசின்னுதானே அர்த்தம்? இல்லவே இல்லன்னு என் பையன் சண்டைக்கு வரான். – மளிகைக்கடைக்காரர், விருதுநகர்

பதில்: பையன் சொல்றதுதான் சரி, ஆனா நீங்க குழம்பினதுக்கு காரணம் இங்கிலீஷ். விலை இல்லன்னாலும் ஃப்ரீ, விடுதலைன்னாலும் ஃப்ரீ. 1983ல ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூன்னு ஒரு சாஃப்ட்வேர் திட்டம் ஆரம்பிக்கிறேன்னு அறிவிச்சாரு, அவர் சொன்னது ரெண்டாவது ஃப்ரீ, அதாவது உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்கு குடுக்கலாம். காசு வாங்க கூடாதுன்னு அவர் சொல்லவே இல்ல, அவரே ஈமேக்ஸ டேப்ல போட்டு 150 டாலருக்கு வித்தவரு. ஆனா ஆயுசு பூரா 'பேச்சு சுதந்திரத்துல வர ஃப்ரீ, ஓசி பீர்ல வர ஃப்ரீ இல்ல'ன்னு விளக்கம் குடுத்தே தொண்டை போச்சு. பிரெஞ்சுல விடுதலைக்கு லிப்ரு, ஓசிக்கு கிராட்யுயின்னு ரெண்டு வார்த்தை இருக்கு, பிரச்சனையே இல்ல, ஆபீஸ் சாஃப்ட்வேருக்கு 2010ல லிப்ரேஆபிஸ்னு பேர் வச்சது கூட அதே அர்த்தத்துலதான்.

தமிழ்லயும் நாம கெட்டிக்காரங்கதான் சார். இலவசம் வேற, கட்டற்றது வேற, விக்கிபீடியால பாருங்க, கட்டற்ற கலைக்களஞ்சியம்னுதான் இருக்கும். இதுல நம்ம கவர்மெண்ட் இன்னும் ஒரு படி மேல, இலவசம்னு சொன்னா கேவலமா இருக்குன்னு விலையில்லா மடிக்கணினி, விலையில்லா ஆடுன்னு புதுசா ஒரு வார்த்தையே கொண்டு வந்தாங்க.

அப்புறம் 1998 பிப்ரவரில கலிஃபோர்னியா பாலோ ஆல்டோல, கம்பெனிக்காரங்க ஃப்ரீன்னாலே பயந்து ஓடுறாங்களே வேற பேர் வைப்போம்னு ஒரு கூட்டம் போட்டு பேசினாங்க, அங்க கிறிஸ்டின் பீட்டர்சன் கொண்டு வந்த பேருதான் ஓப்பன் சோர்ஸ். ஸ்டால்மனுக்கு அது இன்னிக்கும் பிடிக்காது, சுதந்திரத்த மறைச்சிட்டீங்கம்பாரு. எனக்கும் அந்த பேர்ல ஒரு வருத்தம் உண்டு, ஆனா காரணம் வேற. அத தமிழ்ல திறந்த மூலம்னு எழுதுறாங்க, படிச்சதும் எனக்கு வேற டாக்டர் ஞாபகம்தான் வருது.

கேள்வி: விஎல்சில விளம்பரமே வரதில்லயே, அவங்களுக்கு யாரு படி அளக்குறா? – டிவி மெக்கானிக், தஞ்சாவூர்

பதில்: நன்கொடைதான் அண்ணே. இந்த வீடியோ பாக்குற சாஃப்ட்வேர் 1996ல பாரிஸ் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பசங்க ஆரம்பிச்சது, 2001ல ஜிபிஎல்ங்கிற கட்டற்ற உரிமத்துக்கு மாத்தி எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, அந்த ஆரஞ்சு கூம்பு கூட ரோட்ல வைக்கிற கூம்ப பசங்க சேத்து வச்ச கதைதான். விளம்பரம் போட சொல்லி பெரிய பெரிய தொகையோட வந்தவங்கள வேணாம்னு அனுப்பிட்டாங்க.

ஆனா எல்லா இடத்துலயும் இப்படி நல்ல கதை இல்ல. எக்ஸ்இசட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், ஃபைல சுருக்குறது மட்டும்தான் அதோட வேலை, உலகத்துல ஏகப்பட்ட சர்வர் அத வச்சிருக்கு, பாத்துக்கிட்டது முக்கியமா ஒரே ஒரு ஆளு, சம்பளம் இல்லாம. அவர் ரொம்ப நாளா மனசு சரியில்லன்னு சொல்லியும், 'ஏன் லேட்டு, முடியலன்னா வேற ஆள் கிட்ட குடு'ன்னு யாருன்னே தெரியாத பேர்ல எல்லாம் வந்து நச்சரிச்சாங்க. நடுவுல ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தன் ரொம்ப பணிவா உதவி பண்றேன்னு வந்தான், ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா வேலை செஞ்சு நம்பிக்கைய வாங்கி, கடைசில உள்ள ஒரு திருட்டு வாசல் வச்சான். 2024 மார்ச்ல ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டுன்னு ஒரு இன்ஜினியர் தன் மெஷின்ல லாகின் ஆக அரை செகண்ட் ஜாஸ்தி ஆகுதேன்னு தோண்ட ஆரம்பிச்சுதான் மாட்டுச்சு. அரை செகண்ட்! எங்க வீட்ல கேஸ் புக் பண்ண போனா அரை மணி நேரம் சுத்துது, நான் ஏன்னு கூட கேக்கல.

கேள்வி: ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ல தப்பு இருக்குன்னு எழுதி 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'னு முடிச்சேன், ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க. – டிப்ளமா மாணவி, சேலம்

பதில்: அது நாம கண்டுபிடிச்ச இங்கிலீஷ் இல்ல, வெள்ளைக்காரன் ஆபீஸ்ல எழுதினது, அவன் விட்டுட்டான் நாம விடல, அவ்ளோதான். தேதிய முன்னாடி கொண்டு வரதுக்கு சொல்ற பிரிபோன் மாதிரி நாமதான் அதிகமா பேசுற வார்த்தையும் இருக்கு, அது ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரிக்குள்ளயே போயிருச்சு. உன் இங்கிலீஷ பத்தி அங்க யாரும் கவலைப்பட மாட்டாங்க. எந்த வெர்ஷன், என்ன பண்ணினப்போ வந்துச்சு, ஸ்க்ரீன்ல என்ன எழுதி இருந்துச்சு, இந்த மூணையும் எழுதினியா? அது இல்லாம நீட்ஃபுல் மட்டும் இருந்தா அவங்க என்னத்த செய்வாங்க.

கேள்வி: எனக்கு கோடிங் சுத்தமா வராது, ஓப்பன் சோர்ஸ்க்கு ஏதாவது செய்யணும்னு ஆசை. – இல்லத்தரசி, மதுரை

பதில்: மொழிபெயர்ப்பு பண்ணுங்கம்மா, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ் எல்லாம் தமிழ்ல வரதே இப்படி செஞ்சவங்களாலதான். நானும் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு சாஃப்ட்வேருக்கு ஆர்வக்கோளாறுல உக்காந்து ஒரே ராத்திரில முந்நூறு வரி போட்டேன். சேவ்க்கு 'காப்பாற்று'ன்னு போட்டேன், ஃபைல் என்னவோ கிணத்துல விழுந்த மாதிரி. அத விட மோசம், டிஸ்க்ல காலியா எவ்ளோ இருக்குன்னு காட்டுற இடத்துல ஃப்ரீ ஸ்பேஸ்னு இருந்துச்சா, யோசிக்காம 'இலவச இடம்'னு போட்டுட்டேன், மேல ஃப்ரீ பத்தி இவ்ளோ வியாக்கியானம் பண்ணின அதே ஆளுதான். சரிபாக்குற ஒரு புண்ணியவான் ஆறு மாசம் கழிச்சு பாத்துட்டு 'காலி இடம்'னு மாத்தினாரு. அதுக்குள்ள எங்க ஊர்ல கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்குற ஒருத்தர் என்னோட தமிழ நம்பி, படம் புடிச்சு போட்டு, நோட்ஸ் அச்சடிச்சு பசங்களுக்கு குடுத்துட்டாரு. வார்த்தை ஏன் மாறிச்சு, பசங்க குழம்புறாங்க, பழசையே வைக்க சொல்லுங்கன்னு என்கிட்ட வந்து சண்டை. சாஃப்ட்வேர்ல இப்ப காலி இடம்தான். அவர் நோட்ஸ்ல மட்டும் இன்னும் 12 ஜிபி இலவசம்.