‘சர்வைவர்ஸ்’ போன்ற பழைய பிரிட்டிஷ் கொள்ளைநோய்த் தொடரை நம் மலேசியத் தோட்டப்புறத்தில் வைத்து இன்று மறுபடி எடுத்தால் எடுபடுமா?

எடுபடும். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் போட்டிருக்கும் கதைச்சுருக்கப்படி எடுத்தால் எடுபடாது. எட்டுப் பாகத்தில் ஐந்து பாகம் மருத்துவமனை, சாலைத் தடுப்பு, கோலாலம்பூரில் ஒரு ரகசிய ஆய்வுக்கூடம், கடைசி மூன்றில்தான் தோட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் குறும்படம் செய்து பழகி, முதல் தொடருக்குத் தயாரிப்பாளர் தேடிக்கொண்டிருப்பவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மூலத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. டெர்ரி நேஷன் உருவாக்கிய ‘சர்வைவர்ஸ்’ பிபிசியில் 1975 முதல் 1977 வரை மூன்று பருவம், 38 பாகம் ஓடியது. நோய் முதல் பாகத்திலேயே தன் வேலையை முடித்துவிடும். மீதி 37 பாகமும், பிழைத்தவர்கள் எதைத் தின்றார்கள், யாரை நம்பினார்கள், தீர்ப்பு யார் சொன்னது என்பதுதான். 2008இல் ஏட்ரியன் ஹாட்ஜஸ் அதை மறுபடி எடுத்தார். நடிப்பு நன்றாக இருந்தது. நஜீத் என்ற முஸ்லிம் சிறுவனையும் வேறு வேறு இனத்தவரையும் குழுவில் சேர்த்தது சரியான முடிவு. ஆனால் கதையின் கனத்தில் பாதியை ஆய்வுக்கூட மர்மத்தில் ஏற்றினார்கள். 12 பாகத்தோடு, 2010இல், கதை தொங்கலில் நிற்கும்போதே தொடர் நின்றுபோனது. மர்மம் வேண்டும் என்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். என் கருத்து இதுதான்: 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனத்துக்கு முகக்கவசமும் சாலைத் தடுப்பும் புதுசாகக் காட்ட ஒன்றும் இல்லை. அவர்கள் பார்க்காதது எல்லாம் நின்றுபோன பிறகு வரும் இரண்டாம் ஆண்டு. தொடர் அங்கேதான் நிற்க வேண்டும்.

முதல் பாகத்துக்கு, மூலத்தின் தொடக்கத்தில் வருவது போல வெளிநாட்டில் உடையும் கிருமிக் குடுவையும் விமான நிலையமும் தேவையே இல்லை. நம்மிடம் நிப்பா இருக்கிறது. 1998-99இல் பேராக்கில் தொடங்கி நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக் வரை வந்த நோய் அது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். உண்மையில் பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும் பன்றியிலிருந்து மனிதனுக்கும் வந்த கிருமி. மலேசியாவில் 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொன்றது. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தார்கள். தவறான எதிரியோடு சண்டை போட்டு நாட்களை வீணாக்கிய அந்தப் பதற்றம் ஒன்றே முதல் பாகத்துக்குப் போதும். நிப்பாவை அப்படியே எடுக்காமல், வேறு கிருமிக்கு அதே தவறைக் கொடுங்கள். ஊர் பெயர், இனப் பெயர் சொல்லிப் பழி போடுவது போல மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்போது பண்ணைக்காரர்கள் பட்டது போதும்.

எழுத உட்காருவதற்கு முன் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று ஒரு எண்ணை முடிவு செய்யுங்கள். மலேசியாவில் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேர். ஆயிரத்தில் ஒருவர் என்றால் நாடு முழுக்க 34,000 பேர் மிச்சம். 20,000 பேர் உள்ள தோட்டப்புறச் சிற்றூரில் 20 பேர். பத்தாயிரத்தில் ஒருவர் என்றால் அதே ஊரில் இரண்டே பேர், தொடரே கிடையாது. ஆயிரத்தில் ஒன்று நல்ல எண். அந்த 20 பேரில் மூன்று பேர் குழந்தைகள், நான்கு பேர் வயதானவர்கள் என்று வைத்தால் வேலை செய்யும் கை 13 ஜோடி. ஒவ்வொரு காட்சியையும் இந்த 13 ஜோடிக் கைகளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். பிணங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உடலை முறையாக எரிக்க 400 கிலோ அளவுக்கு விறகு வேண்டும். 13 பேரால் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) கிடக்கும் உடல்களைக்கூட எரித்து முடிக்க முடியாது. நம் வெயிலில் அழுகல் ஒரு நாளிலேயே தொடங்கிவிடும். ஊரை விட்டுத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) போக இதுதான் உண்மையான காரணம். மூலத்தில் நாயகி ஆபி தன் வீட்டைக் கொளுத்திவிட்டுப் புறப்படுவாள். இங்கே அதைச் செய்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து எரியும். வரிசை வீட்டில் நெருப்பு எப்படித் தாவும் என்று தெரிந்த ஒருவர் ஓடி வந்து தடுக்கட்டும்.

மின்சாரம். ஆள் இல்லாத மின்நிலையம் தானாக நின்றுவிடும். தொலைபேசிக் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். ‘கூரையில் சோலார் இருக்கிறதே’ என்று பார்வையாளர் உடனே கேட்பார். வீடுகளில் உள்ள பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் வெளி மின்கம்பி செத்தவுடன் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும் வகை. வெயில் கொளுத்தும், பலகை பளபளக்கும், வீட்டில் ஒரு விளக்கு எரியாது. பேட்டரியோடு சேர்த்துப் பொருத்திய ஒரே வீட்டைத் தேடி அலைவதே ஒரு பாகம்.

எரிபொருளில்தான் பெரும்பாலான தொடர்கள் பொய் சொல்கின்றன. இரண்டு வருடம் கழித்தும் காரைக் கிளப்பிக்கொண்டு போவார்கள். பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். நம் டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், தொட்டியடியில் பாசி போல் படியும், ஃபில்டர் அடைக்கும். இரண்டாம் ஆண்டில் வண்டி என்றால் சைக்கிள்தான்.

இப்போது செம்பனை ஆலை. நம் ஊரில் வைத்து எடுப்பவனுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. ஆலை தன் மின்சாரத்தைத் தானே செய்யும். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டை ஓடுகளையும் கொதிகலனில் போட்டு எரித்து, நீராவியில் டர்பைன் ஓட்டி, அதே நீராவியைக் குறைந்த அழுத்தத்தில் குலைகளை வேகவைக்க அனுப்புவார்கள். சுமார் 3 பார் அழுத்தம், 140 டிகிரி, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஆகவே உங்கள் குழுவில் ஒருவர் ‘ஆலையைக் கிளப்பினால் மின்சாரம் வந்துவிடும்’ என்று சொல்வது இயல்பு. விடுங்கள், முயற்சி செய்யட்டும். முதலில் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பையும் காற்றாடியையும் ஓட்ட டீசல் ஜெனரேட்டர் வேண்டும். அதற்குக் கெட்டுப்போகாத டீசல் வேண்டும். அது கிடைத்தாலும் அடுத்த சுவர் பழம். சின்ன ஆலையே மணிக்கு 30 டன் குலை கேட்கும். ஒரு குலை 20 கிலோ என்றால் மணிக்கு 1,500 குலை. பழகிய வெட்டு ஆள் ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு டன் இறக்குவார். 13 பேரும் விடியலிலிருந்து வெட்டினாலும் ஆலை ஒரு மணி நேரம்கூட ஓடாது. (ஆலைக்கு ஆலை கணக்கு மாறும், அங்கே வேலை பார்ப்பவர்கள் திருத்துங்கள். ஆனால் முடிவு மாறாது.) ஒரு தலைவன் இந்தக் கணக்கைக் கேட்க மறுத்து எல்லோரையும் வாட்டி எடுப்பதும், நான்காம் நாள் ஒருவர் தண்ணீர் இல்லாத கொதிகலனுக்கு நெருப்புப் போடுவதும் துப்பாக்கிச் சண்டையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

ஆலை தோற்ற பிறகு எண்ணெய் உரலுக்கு வரும். இதைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுங்கள், அவசரப்படாதீர்கள். உயர்ந்த கிழ மரங்களை விட்டுவிட்டு, உளியால் குத்தும் உயரத்தில் உள்ள இளமரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளக் கம்பு அரிவாள் பழகாத கையில் கொலைக் கருவி. குலையைப் பாராங்கால் (வெட்டுக்கத்தியால்) நான்காகப் பிளந்து சில நாள் வைத்தால் பழம் உதிரும். அதற்கு மேல் வைத்தால் புளித்து, எண்ணெய் தொண்டையைக் கமறும். உதிர்ந்த பழத்தை இரண்டு மணி நேரம் வேகவைத்து, கொட்டை உடையாமல் இடித்து, கொட்டையைப் பொறுக்கி, சுடுதண்ணீர் விட்டுக் கலக்கினால் சிவப்பு எண்ணெய் மேலே வரும். அதை அகப்பையால் வழித்து மறுபடி காய்ச்ச வேண்டும், சலசலப்பு அடங்கும் வரை. எண்ணெயில் தண்ணீர் மிஞ்சிவிட்டால் சீக்கிரம் நாறிவிடும். ஆலையில் 20 கிலோ குலைக்கு 4 கிலோ எண்ணெய் வரும். கையால் அதில் பாதி வந்தால் பெரிது. விடியற்காலையில் அது பாதி உறைந்து நிற்கும். பஞ்சுத் திரி போட்டு அகலில் ஏற்றினால் நன்றாக எரியும். சோற்றுக்கும் விளக்குக்கும் ஒரே சட்டி எண்ணெய் என்பதால் யாருக்கு எவ்வளவு என்ற சண்டை தானாகவே வரும்.

சோறு என்றேன், அரிசி இருக்காது. செகிஞ்சான் வயல் இருக்கிறதே என்றால், அந்த வயலுக்கு வாய்க்கால் கதவைத் திறந்து மூட ஆள் வேண்டும். முதல் வருடம் மரவள்ளிதான். ஒரு சாண் குச்சியை நட்டால் ஒன்பது, பத்து மாதத்தில் கிழங்கு. அதுவரை மூன்று, நான்கு மாதத்தில் வரும் சர்க்கரைவள்ளி. கசப்பு மரவள்ளியைத் தோல் சீவி, ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தின்ன வேண்டும், இல்லையென்றால் விஷம். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துச் சனம் மரவள்ளியைத் தின்றுதான் உயிர் பிழைத்தது. அந்தக் காலத்துக் கதையைத் தாயிடம் கேட்டு வளர்ந்த எழுபது வயதுப் பாட்டி ஒருவர் உங்கள் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். உப்புக்குக் கடலுக்குப் போக வேண்டும். 20 பேருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம், அதாவது மாதம் 3 கிலோ, அதாவது 100 லிட்டர் கடல்தண்ணீர். நம் மழையில் பாத்தி கட்டிக் காயவைக்க முடியாது, கரையிலேயே காய்ச்சி எடுத்து வர வேண்டும்.

அடுத்தது பெரும்பாலான தொடர்கள் தொடாத விஷயம். 2023 கணக்கெடுப்பில் மலேசியாவில் வயது வந்தோரில் சுமார் 16 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் இந்தியர்களிடம் மிக அதிகம். 20 பேரில் இரண்டு மூன்று பேருக்குச் சர்க்கரை இருக்கும். மாத்திரை நாள்பட்டாலும் சீக்கிரம் கெடாது. இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது, வெளியே வைத்தால் சுமார் நான்கு வாரம். மண்பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டுக் குளிர்விக்கலாம் என்று ஒரு இளைஞன் படித்ததை நினைவில் வைத்துச் செய்து பார்ப்பான். வறண்ட ஊரில் அது வேலை செய்யும். இங்கே காற்றே ஈரம். பானை 25 டிகிரிக்குக் கீழே இறங்காது. நோயில் பிழைத்த அம்மா மகன் கண் முன்னே மெதுவாகப் போவார். அந்தப் பேட்டரி வீட்டைத் தேடி அலைந்த பாகத்துக்கு இப்போது காரணம் புரிகிறதா? குளிர்பெட்டிக்காக. பிறகு டெங்கி, எலிக்காய்ச்சல். வெட்டாத குலை உதிர்ந்து அழுகினால் எலி பெருகும், எலி மூத்திரம் கலந்த வாய்க்காலில் வெறுங்காலோடு இறங்கினால் போதும்.

மூலத்திலிருந்து ஒரே ஒரு பாகத்தின் முதுகெலும்பை எடுக்கச் சொன்னால் ‘லா அண்ட் ஆர்டர்’ பாகத்தைச் சொல்வேன். ஒரு பெண் கொல்லப்படுகிறாள். மனவளர்ச்சி குன்றிய ஒருவன் மீது பழி விழுகிறது. ஓட்டுப் போட்டு அவனைக் கொல்கிறார்கள். செய்தவன் வேறொருவன் என்று பிறகு தெரிந்தும், குழு உடையக் கூடாது என்று தலைவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பழி யார் மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று செம்பனைப் பழம் வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்தான். உங்கள் குழுவில் எண்ணெய் எடுக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். அவர் மேல் பழி விழும்போது பார்வையாளர் தன்னையே பார்த்துக்கொள்வார்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம் நாடகங்களில் தோட்டம் என்றால் சாராயம், அடிதடி, ஒப்பாரி. லயத்தைக் காட்டினால் அழுகைப் பாட்டு. கொதிகலன் அழுத்தத்தைக் காது சத்தத்திலேயே கண்டுபிடித்த ஆட்கள், ரப்பர் பாலை உறையவிட்டுத் தகடாக்கிப் புகைக்கூடத்தில் காயவைத்த பெண்கள், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கிராணிகள் (தோட்டத்து எழுத்தர்கள்) எல்லாரும் கதையில் குடிகாரனுக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் ஆகிவிட்டார்கள். தோட்டம் விற்கப்பட்டபோது ஆட்களின் வருகையைப் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் குப்பையோடு போயின. அந்த அறிவு தேவைப்படும் ஒரு உலகத்தைக் காட்டும் கதை இது. தயவுசெய்து இதையும் சாராயக் கதை ஆக்கிவிடாதீர்கள். ‘தமிழர் பெருமை பேசுகிறான்’ என்று யாராவது வந்தால், பால்மரம் சீவினவர்களின் கைவேலையைச் சரியாகக் காட்டச் சொல்வது பெருமை பேசுவது ஆகாது என்பதே பதில்.

உரிமை விஷயம் சுருக்கமாக. ‘கொள்ளைநோய்க்குப் பின் ஒரு குழு’ என்ற கருத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கருத்தைப் பாதுகாப்பதில்லை. ஆனால் ஆபி, கிரெக், டாம் பிரைஸ் போன்ற பாத்திரங்கள், குறிப்பிட்ட காட்சிகளின் வரிசை ஆகியவற்றை எடுத்தால் அனுமதி வாங்க வேண்டும். மேலே சொன்ன பழி பாகத்தையும் அதனால் காட்சிக்குக் காட்சி எடுக்காமல், பயத்தை மட்டும் எடுங்கள். தயாரிப்பு உரிமத்துக்குத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸைப் பாருங்கள். தோட்டத்துக்குள் படம் பிடிக்க நிர்வாகத்தின் எழுத்து அனுமதி தனி. ஆலை ஓடும் நாளில் உள்ளே விட மாட்டார்கள், பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களைக் கேட்டு வாங்குங்கள். அப்போது கொதிகலன் ஆறியிருக்கும், உங்கள் கதைக்கும் ஆறின கொதிகலன்தான் வேண்டும்.

வசனம் எழுதும்போது எல்லோரையும் தமிழ் பேச வைக்காதீர்கள். இந்தோனேசியரிடம் பாட்டி தோட்டத்து மலாயில் பேசட்டும், பேரனிடம் தமிழில் திட்டட்டும், வன்பொருள் கடைத் தவுக்கேயின் (சீன முதலாளியின்) மகன் தமிழ், மலாய், சீனம் மூன்றையும் கலக்கட்டும். கீழே எழுத்து போட்டால் போதும்.