மலையில் ஓடும் பிக்கப்புக்கு என்ன ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு?

கோத்தகிரியில் டீசல் வண்டிகளோடு மல்லுக்கட்ட ஆரம்பித்து 27 வருடம் ஆகிறது. தேயிலை ஏற்றும் இலை வண்டி, காய்கறி வண்டி, சிமெண்ட் வண்டி என்று பிக்கப்தான் என் பிழைப்பு. எஞ்சின் ஆயில் பற்றி யார் என்ன கேட்டாலும் சொல்கிறேன் என்று வாய்விட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துக்கொண்டேன்.

கட்டபெட்டிலிருந்து இலை வண்டி ஓட்டும் தம்பி: அண்ணா, கம்பெனி புத்தகத்தில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று இருக்கிறது. எங்கள் மெக்கானிக் 5,000 என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை தம்பி. அந்தப் புத்தகத்தையே இன்னும் நாலு பக்கம் தள்ளிப் பாருங்கள். கடுமையான பயன்பாடு என்று பெரும்பாலும் தனியாக ஒரு பத்தி இருக்கும். மலை ஏற்றம், முழு லோடு, தூசி, நின்று நின்று ஓடுவது, இதெல்லாம் இருந்தால் சீக்கிரம் மாற்று என்று அதிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு நாலும் உண்டு.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: மலையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். கோவை, சேலம் என்று பைபாஸில் ஓடும் வண்டி சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 200 மணி நேரம் சுற்றியிருக்கும். உங்கள் வண்டி எஸ்டேட் ரோட்டிலும் கொண்டை ஊசி வளைவிலும் 20-ஐத் தாண்டாது. அதே 10,000 கிலோமீட்டருக்கு 500 மணி நேரம். மீட்டரில் ஒரே எண்தான், ஆயில் வெந்தது இரண்டரை மடங்கு. இலை எடை போடும்போது எஞ்சினை ஆஃப் செய்யாமல் நிற்கிற நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

புத்தகம் 10,000 என்று சொல்லும் வண்டி மலையிலேயே சுற்றினால் நான் 6,000 முதல் 7,000-க்குள் மாற்றிவிடுவேன். முழு லோடோடு தினமும் ஏறும் வண்டிக்கு 5,000. வாரத்தில் நாலு நாள் கீழே போய் வருகிற வண்டிக்குப் புத்தகக் கணக்கே போதும். வண்டி ஓடவே இல்லை என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சும்மா நிற்கிற ஆயிலும் இந்த ஈரத்தில் கெடும்.

ஒரு வேடிக்கை உண்டு. காய்கறி வண்டி லோடோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது, திரும்பக் காலியாகவோ உர மூட்டையோடோ ஏறுகிறது. காலியாக ஏறினால் எஞ்சினைவிட பிரேக்குக்குத்தான் அங்கே வேலை. சிமெண்ட், கம்பி ஏற்றும் வண்டிக்கு அப்படியே தலைகீழ். இரண்டுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

கேத்தியிலிருந்து கேரட் வியாபாரி: பனிக்காலத்தில் காலை 4 மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. 15டபிள்யூ-40 போட்டிருக்கிறேன். 5டபிள்யூ-30க்கு மாறினால் சரியாகுமா?

டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்துக்கான முதல் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் நன்றாக இளகி ஓடும். பின்னால் இருப்பது எஞ்சின் சூடான பிறகு உள்ள கெட்டித்தன்மை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் வைத்து, எஞ்சின் சுற்றுமா என்று சோதித்துத்தான் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். தலைக்குந்தாவில் புல் வெளுத்துக் கிடக்கிற நாளில்கூட நமக்கு அவ்வளவு குளிர் கிடையாது. அதனால் குற்றவாளி ஆயில் இல்லை. பேட்டரியைப் பாருங்கள், குளிரில் அதன் பலம் குறைந்துவிடும். அப்புறம், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக். நாலில் இரண்டு செத்துப்போய், மீதி இரண்டில் வண்டி தட்டுத்தடுமாறிக் கிளம்பும். பகலில் தெரியாது, பனியில் காட்டிக்கொடுக்கும்.

5டபிள்யூ-30 கெட்ட ஆயில் இல்லை. உங்கள் எஞ்சினுக்கு அதைத்தான் புத்தகம் சொல்கிறது என்றால் அதையே போடுங்கள். 15டபிள்யூ-40 என்று சொல்லியிருக்கிற பழைய எஞ்சினில் நீங்களாக 30-க்கு இறங்காதீர்கள். லோடோடு இரண்டாம் கியரில் முக்கி ஏறும்போது பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே இருப்பது ஆயிலின் மெல்லிய படலம் மட்டும்தான். அது 40-க்கு என்று கணக்குப் போட்டுச் செய்த இடம்.

ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு டீ குடிக்கப் போகும் பழக்கத்தை விடுங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். பிறகு முதல் 2 கிலோமீட்டர் மெதுவாக, ரேஸ் கொடுக்காமல் போனால் எஞ்சின் தானாகச் சூடாகும்.

குன்னூரிலிருந்து சொந்தமாக இரண்டு பிக்கப் வைத்திருக்கும் அக்கா: 2021 மாடல், பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி. டிரைவர் பழைய வண்டிக்கு வாங்கும் சிஐ-4 என்ற தர ஆயிலையே இதற்கும் ஊற்றுகிறார். விலை குறைவு, இரண்டுக்கும் ஒரே கேன் என்கிறார். சரியா?

தப்பு அக்கா. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலில் இருந்து வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைபோக்கியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியை அது பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது 600 டிகிரி போலச் சூடாகி எரித்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. ஆயிலில் சேர்க்கும் சில உலோக மருந்துகள் எஞ்சினுக்குள் எரிந்து சாம்பலாகி அந்த வடிகட்டியில் போய் உட்காரும். அதற்காகத்தான் சாம்பல் குறைவான ஆயில் வந்தது. சிஜே-4 என்ற தரம் 2006-லும் சிகே-4 என்ற தரம் 2016 கடைசியிலும் வந்தவை. பழைய சிஐ-4 2002-ல் வந்தது, டிபிஎஃப் வண்டிகளை நினைத்துச் செய்தது இல்லை. கேனில் மிச்சமாகும் சில நூறு ரூபாயைப் பார்த்தால், அடைத்துப்போன டிபிஎஃப்புக்குப் பத்து மடங்குக்கு மேல் அழ வேண்டிவரும்.

எதிர்த் திசையில் பிரச்சினை இல்லை. சிகே-4 ஆயிலைப் பழைய வண்டிக்கும் ஊற்றலாம், கெட்டித்தன்மை எண் ஒத்துப்போனால் போதும். ஒரே கேன்தான் வேண்டும் என்றால் அந்தக் கேனை வாங்கச் சொல்லுங்கள். ஆனால் புதிய வண்டியின் புத்தகம் வேறு தரத்தை, உதாரணமாக ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3 என்று, பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அதுதான் சட்டம்.

அதே அக்கா: அந்த வண்டியில் ஆயில் குறைய வேண்டியது போய், அளவு பார்க்கும் ஸ்டிக்கில் மேலே ஏறியிருக்கிறது. டிரைவர் "நல்லதுதானே" என்கிறார்.

நல்லதே இல்லை. ஆயில் குட்டி போடாது, உள்ளே டீசல் இறங்கியிருக்கிறது. டிபிஎஃப்பைச் சூடாக்க எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். வண்டி தொடர்ந்து ஓடினால் அது வேலையை முடித்துவிடும். தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்கு 4 கிலோமீட்டர், மறுபடி தோட்டம் என்று ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் பாதியில் சாவியைத் திருப்பிவிடுவோம். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்புக்கு இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கும். ஸ்டிக்கை மோந்து பாருங்கள், டீசல் வாடை தெரியும்.

மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை 30, 40 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே. நல்லவேளை, நமக்கு ஏற்றம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. லோடோடு ஏறினால் புகைபோக்கி தானாகவே நன்றாகச் சூடாகும்.

கொடநாடு பக்கம்: புது ஆயில் ஊற்றி 300 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, கருப்பாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

டீசல் எஞ்சினில் ஆயில் கருப்பாவது அதன் வேலை. கரியைக் கட்டியாக விடாமல் தனக்குள் மிதக்க வைத்துச் சுமக்கிறது. நிறத்தைப் பார்த்து மாற்றாதீர்கள். கருப்பே ஆகாத ஆயிலைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கூடலூரிலிருந்து: ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள தகடு) போய்விட்டது, 40,000 ரூபாய் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள்.

உடனே பணம் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் குறுந்தூரம் ஓடும் வண்டியில் எஞ்சினுக்குள் ஈரம் படிந்து, ஆயிலோடு கலந்து மூடியில் அப்படி ஒட்டும். மூடியைத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். திரும்ப வருகிறதா பாருங்கள். ஸ்டிக்கிலும் அதே காப்பி நிறம் இருக்கிறதா, கூலண்ட் டப்பாவில் மட்டம் குறைகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் "ஆமாம்" என்றால்தான் கேஸ்கெட். அப்போது வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

மஞ்சூரிலிருந்து டிரைவர்: ஒரே வருடத்தில் இரண்டு டர்போ போய்விட்டது. ஆயில் நேரத்துக்கு மாற்றுகிறேன் அண்ணா.

நீங்கள் மேலே ஏறியதும் முதலில் எங்கே நிறுத்துவீர்கள்? டீக்கடையில்தானே? நிறுத்திய உடனே சாவியைத் திருப்புகிறீர்கள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றுகிற சாமான். அதன் பேரிங்குக்கு உயிர் எஞ்சினிலிருந்து வரும் ஆயில். எஞ்சினை நிறுத்தினால் ஆயில் நின்றுவிடும், ஆனால் டர்போ அடுப்புக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே தேங்கின ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். நான் கழற்றிப் பார்த்த ஒன்றில் ஆயில் வரும் ஓட்டை பென்சில் முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. லோடோடு ஏறி வந்தால் 2 நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு இறங்குங்கள். உங்களுக்கு டீ அதற்குள் ஆறிப்போய்விடாது. இரண்டாவது டர்போ மாட்டும்போது ஆயில் வரும் குழாயைச் சுத்தம் செய்தார்களா என்றும் கேளுங்கள். பழைய கரி அதிலேயே இருந்தால் மூன்றாவதும் போகும்.

இன்னொன்று. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை ஆஃப் செய்து உருட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரேக்குக்கு உதவும் வேக்யூமும் ஸ்டியரிங் பவரும் எஞ்சினோடு போய்விடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 வளைவு. கியரில் இறங்கினால், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது இந்தக் காலத்து எஞ்சின் டீசலையே எடுக்காது. அப்புறம் எதற்கு ஆஃப்?

அருவங்காட்டிலிருந்து: வீட்டிலேயே மாற்றலாம் என்று இருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தாராளமாக. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள், கரி ஆயிலோடு சேர்ந்து வரும். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

என் கதை ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு ஃபில்டர் மாற்றினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது, நான் கவனிக்கவில்லை. அதன் மேலேயே புதுசை இறுக்கினேன். ஷெட்டில் ஸ்டார்ட் செய்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை. வண்டி ஏற்றத்தில் போய் ரேஸ் கொடுத்ததும் இரட்டை வளையம் பிதுங்கி, ரோடு முழுக்க ஆயில் கோலம். பிரஷர் விளக்கைப் பார்த்த டிரைவர் உடனே நிறுத்தியதால் எஞ்சின் பிழைத்தது. ஆயில் காசு என் சம்பளத்தில் போனது. அன்றிலிருந்து கழற்றின ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவாமல் புதுசைத் தொடுவதில்லை. புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று, அவ்வளவுதான்.

அளவு பார்க்கச் சமதளம் வேண்டும் என்பார்கள். நம் ஊரில் சமதளத்துக்கு எங்கே போவது! முன்னும் பின்னும் சாயாத ஓர் இடத்தைப் பிடித்து, எப்போதும் அங்கேயே பாருங்கள். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால்தான் ஆயில் கீழே இறங்கியிருக்கும். மேல் கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள், அதிகமானால் நுரைக்கும்.

இன்னும் சில:

"அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயிலைச் சேர்க்கலாமா?" அதே எண், அதே தரம் என்றால் அரை லிட்டர் சேர்க்கலாம். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

"பாட்டிலில் விற்கும் மருந்து?" வேண்டாம். நல்ல ஆயிலுக்குள் எல்லாம் கலந்தேதான் வருகிறது.

"பழைய வண்டி நீலப் புகை விடுகிறது, 20டபிள்யூ-50 போட்டால் நிற்குமா?" கொஞ்சம் குறையும், நோய் தீராது. ரிங்கையும் வால்வு சீலையும் பார்க்கும் வரை நாள் கடத்தலாம்.

"புகையைச் சுத்தமாக்கத் தனி டேங்கில் ஊற்ற வேண்டிய யூரியா திரவத்தை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டேன்." சாவியைக்கூடப் போடாதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்து வந்து டேங்கைக் கழுவ வேண்டும்.

"போலி ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது?" கண்ணால் கஷ்டம். நான் ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய கேனின் மூடி சீல் சரியாகத்தான் இருந்தது, அடியில் பார்த்தால் சின்னதாக உருக்கி ஒட்டிய தழும்பு. பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். காலி கேனைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள், முழுசாக வாங்க ஆள் வருவான்.

கீழ் கோத்தகிரியிலிருந்து: இறக்கின ஆயிலை என்ன செய்வது? அப்பா வேலிக் கம்பத்துக்குப் பூசுவார்.

எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது தம்பி. ஆனால் நம் ஓடைகள் பவானிக்கும் மாயாற்றுக்கும் போகிறவை, கம்பத்தில் பூசியது முதல் மழைக்கே கழுவிக்கொண்டு போகும். டீத் தோட்டத்து மண்ணில் ஊற்றினால் அந்த இடத்தில் புல்கூட முளைக்காது. பழைய கேனிலேயே ஊற்றி இறுக மூடி, ஊரிலுள்ள ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். நாங்கள் பேரலில் சேர்த்து வைத்து, அனுமதி உள்ள மறுசுத்திகரிப்புக்காரர்களுக்கு அனுப்புகிறோம். தண்ணீரோ பெட்ரோலோ கலந்துவிடாதீர்கள், கலந்தால் எடுக்க மாட்டார்கள்.